தெற்காசியாவில் எத்தனை நாடுகள்? புள்ளிவிவரத்துக்கு எந்த மண்டலப் பகுப்பை எடுப்பது

இலங்கையின் பேறுகால இறப்பு விகிதம் தெற்காசிய சராசரியைவிட மிகக் குறைவு என்று எழுதுகிறோம். எந்தத் தெற்காசியா? ஐ.நா. புள்ளியியல் பிரிவின் எம்49 என்ற பட்டியலில் தெற்காசியாவுக்கு 9 நாடுகள். ஈரானும் அதில் உண்டு. யுனிசெஃப் கணக்கில் 8, ஈரான் கிடையாது. உலக வங்கி 2025 ஜூன் வரை அதே 8 நாடுகளைத்தான் சொன்னது. ஜூலை முதல் 6 என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தில் தெற்காசியா என்று ஒரு மண்டலமே இல்லை. இந்தியாவும் இலங்கையும் அங்கே தென்கிழக்காசியாவில் வருகின்றன.

இவற்றில் எதுவும் பிழையான பட்டியல் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வேலைக்கு ஏற்ப உலகைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகையை இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்கு மேல் மாட்டும்போதுதான் பிழை வருகிறது. ஆய்வேடு, செய்தி வரைபடம், கொள்கைக் குறிப்பு என்று எதைத் தயாரித்தாலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பகுப்பு என்பதைத்தான். நிறமும் வரைபட வகையும் பிறகு. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை 2024-க்கான ஐ.நா. மக்கள்தொகை மதிப்பீட்டை வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். எண்கள் முழுமையாக்கப்பட்டவை.

| பகுப்பு | நாடுகள் | மக்கள்தொகை | இந்தியாவின் பங்கு |
|---|---|---|---|
| ஐ.நா. எம்49, தெற்காசியா | 9 | 206 கோடி | 70% |
| நிலையான வளர்ச்சி இலக்குகள், மத்திய மற்றும் தெற்காசியா | 14 | 215 கோடி | 68% |
| எஸ்காப் (ஐ.நா.வின் ஆசிய, பசிபிக் பொருளாதார சமூக ஆணையம்), தெற்கு மற்றும் தென்மேற்கு ஆசியா | 10 | 215 கோடி | 67% |
| யுனிசெஃப், தெற்காசியா | 8 | 197 கோடி | 74% |
| உலக வங்கி, தெற்காசியா (2025 ஜூலை முதல்) | 6 | 168 கோடி | 86% |
| உலக சுகாதார நிறுவனம், தென்கிழக்காசியா (இந்தோனேசியா விலகிய பின்) | 10 | 183 கோடி | 79% |

அட்டவணையின் கடைசிப் பத்தியை (நெடுவரிசையை) கவனியுங்கள். மக்கள்தொகையை எடையாக வைத்துக் கணக்கிடும் எந்தச் சராசரியிலும் இந்தியாவின் குரல் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து ஏழில் ஆறு பங்குவரை போகிறது. உலக வங்கியின் இன்றைய தெற்காசிய சராசரியோடு தமிழ்நாட்டை ஒப்பிடுவதும் இந்திய சராசரியோடு ஒப்பிடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எம்49: எலும்புக்கூடாக வைத்துக்கொள்ள

ஐ.நா. புள்ளியியல் பிரிவின் எம் வரிசை ஆவணங்களில் 49-ஆவது என்பதால் இந்தப் பெயர். ஒவ்வொரு நாட்டுக்கும் ஆட்சிப்பகுதிக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு: இந்தியா 356, இலங்கை 144, மலேசியா 458, சிங்கப்பூர் 702. மண்டலங்களுக்கும் எண் உண்டு: உலகம் 001, ஆப்பிரிக்கா 002, அமெரிக்காக்கள் 019, ஆசியா 142, ஐரோப்பா 150, ஓசியானியா 009. ஆசியாவுக்குள் தெற்கு 034, தென்கிழக்கு 035, கிழக்கு 030, மத்தி 143, மேற்கு 145. ஒரு நாடு ஒரே ஒரு துணைப்பகுதியில்தான் வரும். எதையும் இரண்டாக வெட்டுவதில்லை. அதனால் சைபீரியா உட்பட ரஷ்யா முழுவதும் கிழக்கு ஐரோப்பா. இஸ்தான்புல் உட்பட துருக்கி முழுவதும் மேற்கு ஆசியா. சைப்ரஸும் மேற்கு ஆசியாதான்.

ஈரான் ஏன் தெற்காசியாவில் என்பது அடிக்கடி எழும் கேள்வி. துணைப்பகுதிகளைப் பிரித்தபோது மக்கள்தொகை அளவு, மக்கள்தொகைச் சூழல், தரவின் துல்லியம் ஆகியவற்றில் ஓரளவு ஒத்த நாடுகளைச் சேர்ப்பதே நோக்கமாக இருந்தது. பண்பாட்டு எல்லையோ அரசியல் எல்லையோ கணக்கில் இல்லை. இந்தப் பகுப்பு புள்ளிவிவர வசதிக்கானது, அரசியல் சார்பு எதையும் குறிக்காது என்று ஐ.நா.வே எழுதி வைத்திருக்கிறது.

எம்49-இன் பெரிய பலம், ஆட்சிப்பகுதிகளைத் தனித்தனியாக வைத்திருப்பது. ரீயூனியன் கிழக்கு ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு கயானா தென் அமெரிக்காவில், இரண்டும் பிரான்சிலிருந்து தனியாக. உலக வங்கித் தரவில் இவை பிரான்சுக்குள்ளேயே அடங்கும். இரண்டு மூலங்களை ஒட்டும்போது பிரான்சின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கு மேல் மாறுவதைப் பார்த்தால் காரணம் இதுதான். தைவான், கொசோவோ ஆகியவற்றுக்கு எம்49 பட்டியலில் தனி வரி இல்லை என்பது பலவீனம். ஐ.நா.வின் மக்கள்தொகை மதிப்பீடு இவ்விரண்டுக்கும் தனி எண் தருகிறது. கொசோவோ 2009 முதல் உலக வங்கியிலும் பன்னாட்டு நாணய நிதியத்திலும் (ஐஎம்எஃப்) உறுப்பினர் என்பதால் அங்கும் தனி வரி உண்டு.

வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள் என்ற பிரிவை எம்49 2021 டிசம்பரில் நீக்கிவிட்டது. "ஐ.நா. வகைப்பாட்டின்படி வளரும் நாடுகள்" என்று இப்போது எழுதினால் அதற்கு ஆதாரமாகக் காட்ட எம்49-இல் நடப்புப் பட்டியல் இல்லை. பழைய பட்டியலை எடுத்தால் அதன் தேதியையும் போட வேண்டும்.

நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கான மண்டலங்கள் எம்49 துணைப்பகுதிகளைச் சேர்த்து உருவானவைதான்: மத்திய ஆசியாவும் தெற்காசியாவும் ஒன்று, கிழக்காசியாவும் தென்கிழக்காசியாவும் ஒன்று, வட ஆப்பிரிக்காவும் மேற்கு ஆசியாவும் ஒன்று. இலக்குகள் பற்றி எழுதினால் இதைத் தவிர வேறு எடுக்கக் காரணமில்லை, ஐ.நா. அறிக்கை எண்கள் இந்தப் பகுப்பில்தான் வருகின்றன. பெயரை மட்டும் சுருக்கக் கூடாது. "மத்திய மற்றும் தெற்காசியா" என்பதைத் தலைப்பில் "தெற்காசியா" என்று வெட்டினால் கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

உலக வங்கி: தரவு வளமானது, எல்லை நகரும்

உலக வங்கியின் மண்டலங்கள் ஏழு. வங்கியின் நிர்வாகப் பிரிவுகளை ஒட்டியவை இவை. அதனால் நிர்வாகம் மாறும்போது மண்டலமும் மாறும். 2025 ஜூலையில் அதுதான் நடந்தது. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் தெற்காசியாவிலிருந்து எடுக்கப்பட்டு, "மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான்" என்ற பெரிய மண்டலத்தில் சேர்ந்தன. ஏறக்குறைய 29 கோடி மக்கள் ஒரே நாளில் மண்டலம் மாறினார்கள்.

இதனால் எண்கள் எப்படி ஆடும் என்பதைக் கருவள விகிதத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு பெண்ணுக்கு இந்தியாவில் சுமார் 2 குழந்தைகள், பாகிஸ்தானில் சுமார் 3.5, ஆப்கானிஸ்தானில் 5-ஐ நெருங்கும். அதிக விகிதமுள்ள இரண்டு நாடுகளும் வெளியேறியதால் தெற்காசிய சராசரி இறங்குகிறது. அவை போய்ச் சேர்ந்த இடத்தில் சராசரி ஏறுகிறது. எந்த நாட்டிலும் ஒரு பிறப்புகூடக் கூடவோ குறையவோ இல்லை. தலா வருமானத்தில் இது தலைகீழாக நடக்கும்: இந்தியாவைவிட ஏழ்மையான இரண்டு நாடுகள் விலகியதால் தெற்காசியா பணக்காரப் பக்கம் நகர்கிறது, எண்ணெய் நாடுகள் உள்ள மண்டலத்தின் சராசரி சரிகிறது.

இன்னொரு சிக்கல் உண்டு, பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். உலக வங்கி தன் மண்டல எண்களை இன்றைய உறுப்பினர் பட்டியலை வைத்துப் பழைய ஆண்டுகளுக்கும் திருப்பிக் கணக்கிடுகிறது. அதனால் 2024-இல் இறக்கிய கோப்பில் உள்ள 2010-ஆம் ஆண்டுத் தெற்காசிய எண்ணும், இப்போது இறக்கும் கோப்பில் உள்ள அதே 2010-ஆம் ஆண்டு எண்ணும் ஒத்துப்போகாது. தெற்காசியா என்ற பெயரும் அதன் குறியீடும் மாறவில்லை. உள்ளே இருப்பதுதான் மாறியிருக்கிறது. பழைய கோப்பின் கீழே புதிய ஆண்டுகளை மட்டும் ஒட்டி வரைபடம் போட்டால், ஒட்டிய இடத்தில் ஒரு படிக்கட்டு தெரியும். அதற்குக் கொள்கைக் காரணம் தேடிக் கட்டுரை எழுதும் ஆபத்தும் உண்டு. எப்போதும் முழுத் தொடரையும் ஒரே நாளில் இறக்குங்கள். கோப்புப் பெயரிலேயே தேதியைப் போடுங்கள்.

வருமானப் பிரிவுகள் இதைவிட வேகமாக நகரும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று, முந்தைய ஆண்டின் தலா வருமானத்தை வைத்து நான்கு பிரிவுகளும் புதுப்பிக்கப்படுகின்றன. 2025 ஜூலை எல்லைகள்: 1,135 டாலர் வரை குறைந்த வருமானம், 4,495 வரை கீழ்நடுத்தரம், 13,935 வரை மேல்நடுத்தரம், அதற்கு மேல் உயர் வருமானம். இலங்கை 2019 ஜூலையில் மேல்நடுத்தரத்துக்கு ஏறி, 2020 ஜூலையிலேயே கீழ்நடுத்தரத்துக்கு இறங்கியது. இரண்டு முறையும் எல்லைக்கோட்டுக்கும் இலங்கையின் எண்ணுக்கும் இடையே இருந்தது சில பத்து டாலர்தான். எல்லைக்கு அருகே நிற்கும் ஒரு நாட்டின் பிரிவு மாற்றத்தைச் சாதனையாகவோ வீழ்ச்சியாகவோ எழுதுவதற்கு முன் அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

"குறைந்த வருமான நாடுகள் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு முன்னேறின" என்ற கேள்விக்கு இந்தப் பிரிவுகள் உதவாது. முன்னேறிய நாடுகள் பிரிவை விட்டு வெளியேறிவிட்டன. இந்தியாவே 2000-களின் பிற்பகுதியில் வெளியேறியது. இன்று அந்தப் பட்டியலில் எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை போரிலோ வேறு நெருக்கடியிலோ சிக்கிய நாடுகள். அவற்றை மட்டும் பின்னோக்கிப் பார்த்தால் வறுமை நாடுகள் எப்போதுமே தேங்கிக் கிடந்ததாகத் தோன்றும். நீண்ட காலத் தொடருக்குத் தொடக்க ஆண்டின் பட்டியலை எடுத்து, அதை மாற்றாமல் கடைசி வரை கொண்டுபோவதுதான் நேர்மையான வழி.

உலக வங்கிக் கோப்பில் 217 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் நடுவே, அகர வரிசையிலேயே, உலகம், அரபு உலகம், தெற்காசியா போன்ற கூட்டு வரிகளும் கலந்திருக்கும். மொத்தம் 266 வரிகள். எல்லாவற்றையும் கூட்டினால் உலக மக்கள்தொகை பல மடங்காகிவிடும். கூட்டு வரிகளைப் பெயரைப் பார்த்துக் கையால் அழிக்க வேண்டாம். உடன் வரும் நாட்டு விவரக் கோப்பில் மண்டலப் பத்தி காலியாக உள்ளவற்றை நீக்கினால் போதும். கிழக்காசியா மற்றும் பசிபிக் போன்ற மண்டலங்களுக்கு உயர் வருமான நாடுகளைச் சேர்த்தும் நீக்கியும் தனித்தனி வரிகள் உண்டு. ஜப்பானும் தென் கொரியாவும் உள்ளே இருக்கின்றனவா இல்லையா என்பதை அந்த வரியின் முழுப் பெயர்தான் சொல்லும்.

பன்னாட்டு நிதியம்

பொருளாதார முன்கணிப்புக்கு எல்லோரும் போகும் இடம் நிதியத்தின் ஏப்ரல், அக்டோபர் அறிக்கைகள். இங்கே முதல் வெட்டு புவியியல் சார்ந்ததில்லை: முன்னேறிய பொருளாதாரங்கள் ஒரு பக்கம், வளர்ந்துவரும் பொருளாதாரங்கள் மறுபக்கம். இரண்டாவதை மட்டுமே மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். அதனால் "வளர்ந்துவரும் மற்றும் வளரும் ஆசியா" என்பதில் ஜப்பான், தென் கொரியா, தைவான், சிங்கப்பூர் இல்லை, மலேசியா உண்டு. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் இங்கே பல ஆண்டுகளாகவே மத்திய கிழக்கோடுதான் இருக்கின்றன. "ஆசியாவின் வளர்ச்சி" என்ற தலைப்புக்கு அந்த எண்ணைப் பயன்படுத்தும்போது எந்த ஆசியா என்று உடனே சொல்லிவிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது எடை. நாடுகளின் வளர்ச்சி வீதங்களைச் சேர்த்து மண்டல வீதம் காணும்போது நிதியம் வாங்கும் திறன் சமநிலையை, அதாவது உள்நாட்டு விலைகளில் பணம் எவ்வளவு வாங்கும் என்பதை வைத்துக் கணக்கிட்ட உற்பத்தியை, எடையாக எடுக்கிறது. உலக வங்கி சந்தைப் பரிமாற்ற வீதத்தை எடுக்கிறது. வாங்கும் திறனில் இந்தியாவும் சீனாவும் பெரிதாகத் தெரியும். அவை வேகமாகவும் வளர்கின்றன. அதனால் நிதியத்தின் உலக வளர்ச்சி எண் பொதுவாகச் சற்று மேலே நிற்கும். 2025 ஜனவரியில், அந்த ஆண்டுக்கான உலக வளர்ச்சியை நிதியம் 3.3% என்றது, வங்கி 2.7% என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு" என்று எழுதுவது தவறு. வித்தியாசத்தில் பெரும்பகுதி எடையிடும் முறையால் வந்தது. இந்தியாவுக்கு நிதியம் தரும் எண் ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டுக்கு உரியது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம்: வரைபடத்தோடு ஒப்பிடாதீர்கள்

இந்த நிறுவனத்தின் ஆறு மண்டலங்கள் உறுப்பு நாடுகளின் விருப்பமும் சுகாதார சபையின் முடிவும் சேர்ந்து உருவானவை. தென்கிழக்காசிய மண்டலத்தின் தலைமையகம் புது தில்லி. இந்தியா, இலங்கை, தாய்லாந்து, மியான்மர் ஆகியவற்றோடு வட கொரியாவும் அதில் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், வியட்நாம் நான்கும் மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்குப் பசிபிக்கில். பாகிஸ்தான் கெய்ரோவிலிருந்து இயங்கும் கிழக்கு மத்தியதரைக்கடல் மண்டலத்தில். இஸ்ரேல் ஐரோப்பிய மண்டலத்தில். 2025 மே மாதம் இந்தோனேசியாவைத் தென்கிழக்காசியாவிலிருந்து மேற்குப் பசிபிக்குக்கு மாற்ற சபை ஒப்புதல் கொடுத்தது. 28 கோடி மக்கள் போனதும் எஞ்சிய மண்டலத்தில் இந்தியாவின் பங்கு 69 சதவீதத்திலிருந்து 79-ஆக ஏறியது.

இதைக் கவனிக்காமல் எழுதினால் எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்குப் போலியோவே சாட்சி. தென்கிழக்காசிய மண்டலம் போலியோ அற்றது என்று 2014 மார்ச் 27 அன்று சான்றளிக்கப்பட்டது. அதைத் தெற்காசியா என்று எழுதியிருந்தால் பெரும் பொய்யாகியிருக்கும். இயற்கை வகைப் போலியோ வைரஸ் இன்றும் விடாமல் பரவிவரும் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் வேறு மண்டலத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

சுகாதார நிறுவனத்தின் எண்ணை எடுத்தால் அதன் மண்டலப் பெயரை முழுதாக, "உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய மண்டலம்" என்றே எழுதுங்கள். மலேசியத் தமிழ் வாசகருக்கு இது இன்னும் முக்கியம். தம் நாடு அந்தச் சராசரிக்குள் இருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார், இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கையில் தெற்காசியா ஈரானோடு சேர்த்து 9 நாடுகள். ஆனால் அந்த அறிக்கையின் மண்டலங்கள் வளரும் நாடுகளுக்கு மட்டுமே. எஸ்காப் அந்த 9 நாடுகளோடு துருக்கியையும் சேர்க்கிறது. ஆசியாவுக்கு வெளியே இதே குழப்பத்துக்குச் சூடான் நல்ல உதாரணம்: எம்49-இல் வட ஆப்பிரிக்கா, உலக வங்கியில் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா, நிதியத்தில் மத்திய கிழக்கு மற்றும் மத்திய ஆசியா, சுகாதார நிறுவனத்தில் கிழக்கு மத்தியதரைக்கடல். சுமார் 5 கோடி மக்கள் உள்ள, போர் நடக்கும் ஒரு நாடு எந்தக் கூடையில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஆப்பிரிக்கப் பசி எண்கள் மாறும்.

எதை எடுப்பது

ஒரே நிறுவனத்தின் ஒரே அளவீட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அந்த நிறுவனத்தின் பகுப்பையும் அதன் தயார் சராசரியையும் அப்படியே எடுங்கள். விடுபட்ட நாடுகளுக்கு அவர்கள் மதிப்பீடு போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து கூட்டிப் பார்த்தால் அதே எண் வராது. உலக வங்கி, பொதுவாக, மண்டலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரவு இல்லையென்றால் மண்டல எண்ணை வெளியிடுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டின் பலன் தயார் எண்ணை எடுப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டு மூன்று நிறுவனங்களின் தரவை ஒரே பக்கத்தில் வைக்கிறீர்கள் என்றால் தயார் சராசரிகள் எதையும் தொடக் கூடாது. வங்கியின் தெற்காசிய வருமானத்தையும் யுனிசெஃபின் தெற்காசியக் குழந்தை இறப்பையும் ஒரே அட்டவணையில் போட்டால் முதல் பத்தியில் 6 நாடுகள், இரண்டாவதில் 8. நாட்டு அளவுத் தரவை இறக்கி, எம்49-ஐ அடித்தளமாக வைத்து, நீங்களே கூட்டுங்கள். கூடுதல் வேலைதான். ஆனாலும் இந்த ஒரு சூழலில் வேறு சரியான வழி இல்லை.

இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு பற்றிய ஒப்பீடு என்றால் இந்தியா நீங்கலான சராசரியையும் தர வேண்டும், அல்லது நாடுகளின் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) தர வேண்டும். எடையிட்ட தெற்காசிய சராசரி இந்தியாவின் நிழல் மட்டுமே. தமிழ்நாட்டை ஒப்பிடும்போது இந்தியாவே தமிழ்நாட்டையும் உள்ளடக்கியது என்பதால், மண்டல சராசரியைவிட, பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த நான்கைந்து நாடுகளோடு ஒப்பிடுவது வாசகருக்கு அதிகம் சொல்லும்.

சொந்தமாகக் கூட்டும்போது

முதலில் ஒரு நாட்டு அட்டவணை. பத்திகள்: எம்49 எண், ஐஎஸ்ஓ (பன்னாட்டுத் தர அமைப்பு) மூன்றெழுத்துக் குறி, தமிழ்ப் பெயர், எம்49 துணைப்பகுதி, வளர்ச்சி இலக்கு மண்டலம், வங்கி மண்டலம், வருமானப் பிரிவும் அதன் ஆண்டும், சுகாதார மண்டலம், எந்த ஆண்டு முதல் செல்லும், எந்த ஆண்டு வரை செல்லும். கடைசி இரண்டு பத்திகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாகிஸ்தானையும் இந்தோனேசியாவையும் கையாள அவைதான் வேண்டும்.

எம்49 எண்ணை எழுத்து வடிவில் சேமியுங்கள். எக்செல் அதை எண்ணாக எடுத்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும்: ஆப்கானிஸ்தான் 004 வெறும் 4 ஆகும், வங்கதேசம் 050 வெறும் 50, பூட்டான் 064 வெறும் 64. தெற்காசியாவின் ஒன்பதில் மூன்று நாடுகள், இன்னோர் அட்டவணையோடு இணைக்கும்போது காணாமல் போகும். ஐஎஸ்ஓ ஈரெழுத்துக் குறியில் வேறு கண்ணி: நமீபியாவின் குறி என்ஏ. தரவைக் கையாளும் மென்பொருள்களான ஆர், பாண்டாஸ் இரண்டும் அதை "தரவு இல்லை" என்று வாசித்துவிடும்.

பெயரை வைத்து இணைக்கவே வேண்டாம். ஈரான், கொரியா, எகிப்து, ஏமன், இரண்டு காங்கோக்கள் ஆகியவற்றை வங்கி ஒரு விதமாகவும் ஐ.நா. இன்னொரு விதமாகவும் எழுதும்.

எழுத்துக் குறியா, எண்ணா? இரண்டும் வேறு வேறு காரணங்களுக்காக மாறுகின்றன. பர்மா மியான்மர் ஆனபோது எழுத்துக் குறி மாறியது. எண் 104 அப்படியே நின்றது, ஏனென்றால் நிலம் மாறவில்லை. 2011-இல் தென் சூடான் பிரிந்தபோது சூடானின் எழுத்துக் குறி மாறவில்லை. எண் 736-இலிருந்து 729 ஆனது, ஏனென்றால் நிலம் மாறிவிட்டது. காலத் தொடருக்கு எண்தான் நம்பகமானது. எழுத்துக் குறியை மட்டும் வைத்தால் சூடானின் விளைச்சலும் மக்கள்தொகையும் 2011-இல் சரிந்ததாகத் தோன்றலாம்.

உணவு மற்றும் வேளாண் அமைப்பின் தரவைக் கையாள்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு குறியீட்டு வரிசை உண்டு. அதில் இந்தியா 100. எம்49-இல் 100 பல்கேரியா. தவறான பத்தியில் இணைத்தால் இந்தியாவின் நெல் விளைச்சல் முழுவதும் கிழக்கு ஐரோப்பாவில் போய் விழும். எந்த மென்பொருளும் எச்சரிக்காது. இறக்கும்போதே எம்49 குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, அதை எடுங்கள். அதே தரவில் சீனாவுக்கு ஒரு கூட்டு வரியும், பெருநிலம், தைவான், ஹாங்காங், மக்காவ் என்று தனி வரிகளும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் சீனா இரண்டு முறை வரும்.

அடுத்து எடை. விகிதங்களை நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. மாலத்தீவின் தலா வருமானம் 10,000 டாலருக்கு மேல். மக்கள் சுமார் 5 லட்சம். எளிய சராசரியில் அந்த 5 லட்சத்துக்கும் இந்தியாவின் 145 கோடிக்கும் ஒரே இடம். தலா வருமானத்துக்கு மொத்த உற்பத்தியைக் கூட்டி மொத்த மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். பேறுகால இறப்புக்கும் குழந்தை இறப்புக்கும் உயிருள்ள பிறப்புகள் எடை. எழுத்தறிவுக்கு 15 வயதுக்கு மேற்பட்ட மக்கள்தொகை. வேலையின்மைக்கு உழைப்பாளர் தொகை. எல்லாவற்றுக்கும் மொத்த மக்கள்தொகையையே எடையாகப் போடுவதுதான் அதிகம் காணும் பிழை. பிறப்பு அதிகமுள்ள பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகள் அதனால் தேவைக்குக் குறைவாக எண்ணப்படுகின்றன.

தரவு உள்ள நாடுகள் மண்டல எடையில் எத்தனை சதவீதம் என்பதைத் தனிப் பத்தியில் கணக்கிடுங்கள். மூன்றில் இரண்டுக்குக் கீழே போனால் எண்ணை வெளியிட வேண்டாம். தெற்காசியாவில் இந்த விதி ஏமாற்றவும் செய்யும்: மொத்த மக்கள்தொகை எடையாக இருந்தால், இந்தியாவுக்குத் தரவு இருந்தாலே வரம்பு தாண்டிவிடும், மற்ற எட்டு நாடுகளும் காலியாக இருந்தாலும். எனவே பாதி நாடுகளுக்காவது தரவு வேண்டும் என்று இரண்டாவது நிபந்தனை ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக இரண்டு சோதனைகள். எல்லா மண்டலங்களின் மக்கள்தொகையையும் கூட்டினால் உலகத் தொகை வர வேண்டும். கோடிக்கணக்கில் குறைந்தால் ஏதோ நாடு இணையவில்லை, கூடினால் ஏதோ இரண்டு முறை வந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு மண்டலத்திலும் நாடுகளின் எண்ணிக்கையை எண்ணி மூலப் பட்டியலோடு சரிபாருங்கள்.

வரைபடத்தின் அடிக்குறிப்பு இப்படி இருக்கலாம்: "தெற்காசியா: ஐ.நா. எம்49 துணைப்பகுதி 034, ஈரான் நீங்கலாக 8 நாடுகள். உறுப்பினர் பட்டியல் எல்லா ஆண்டுகளுக்கும் ஒன்றே. சராசரி, உயிருள்ள பிறப்புகளால் எடையிடப்பட்டது. தரவு இறக்கிய தேதி இது." நான்கு சிறு வாக்கியங்கள். இடம் இல்லை என்று வடிவமைப்பாளர் சொன்னால் எழுத்தைச் சிறிதாக்குங்கள். நாடுகளின் எண்ணிக்கையை மட்டும் நீக்க விடாதீர்கள்.